காடு அல்ல, கான்

முதலில் மாறியது ஒரு சொல்தான். பதுளையில் பிறந்து வளர்ந்தவள் என் மகள். ஆசிரியர்களை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல "சேர்" என்றுதான் சொல்வாள். ஒரு மாலை வீட்டுக்கு வந்து, சேறு ஒட்டிய சப்பாத்தை வாசலில் கழற்றியபடி, "இன்னிக்கு சார் என்ன சொன்னாரு தெரியுமா?" என்று கேட்டாள்.

"எந்தச் சேர்?" என்றேன்.

"சேர் இல்லப்பா, சார். குழிக்கு வந்திருக்கிற சார்."

அவர் சென்னையிலிருந்து வந்திருந்த நிலவியல் பேராசிரியர். குழி என்று அவள் சொன்னது, ஸ்பிரிங்வெளியைத் தாண்டி நான் பிறந்த தோட்டத்தில், கைவிடப்பட்ட ஒரு தேயிலை மலையின் அடியில் வெட்டியிருந்த நீண்ட அகழியை. மனிதர்கள் எழுதிவைக்கத் தொடங்குவதற்கு முன்னால் இந்த மண்ணில் நிலநடுக்கம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை வெட்டியிருந்தார்கள். வெல்லவாய, புத்தல பக்கங்களில் அவ்வப்போது கோப்பை ஆடும், ஓடு சலசலக்கும், மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும். அதை வைத்துத்தான் ஆரம்பித்தார்களாம். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் எங்கள் தோட்டத்துச் சரிவின் குறுக்கே படிக்கட்டு போல ஒரு மேடு நேர்கோட்டில் ஓடுவது தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் அந்த மேட்டில் நான் எத்தனையோ தடவை சறுக்கி விளையாடியிருக்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் பூகோளம் கற்பிக்கிறவன். முப்பத்திரண்டு வருடங்களாக, ஒவ்வொரு வருடமும், "நமது தீவு உறுதியான பழைய பாறைமேல் இருக்கிறது, இங்கே நிலநடுக்கப் பயம் இல்லை" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். என் மகளும் அதைக் கேட்டுத்தான் படித்தாள். பல்கலைக்கழகத்தில் மண்ணையும் பாறையையும் பாடமாக எடுத்து, பட்டத்தோடு திரும்பி, ஒரு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். பேராசிரியரின் குழு உதவிக்கு ஆள் தேடியபோது விண்ணப்பித்தாள். எடுபட்டாள். நான்தான் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன்.

முதல் வாரம் பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் அந்தப் பெருமை புளிக்கத் தொடங்கியது.

வீட்டில் அவள் பேச்சு முழுவதும் அவரைப் பற்றித்தான். சார் சொன்னார், சார் காட்டினார், சார் சிரித்தார். நாங்கள் "கதைக்கிறது" என்று சொல்வதை அவள் "பேசுறது" என்று சொல்லத் தொடங்கினாள். இரவுச் சாப்பாட்டில் நான் ஏதாவது கேட்டால், "அது கொஞ்சம் காம்ப்ளிகேட்டடுப்பா" என்று முடித்துவிடுவாள். சிக்கலானதை எனக்கு விளக்க முடியாது என்று அவள் நினைத்தாளா, விளக்கக் களைப்பாக இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் மழை எங்கிருந்து வருகிறது என்று என்னிடம்தான் கேட்டாள்.

"அந்த ஆளு மேல ஒங்களுக்கு என்னங்க அவ்வளவு எரிச்சலு? பொண்ணு கேட்டா வந்திருக்காரு?" என்றாள் மனைவி.

"எரிச்சல் ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருக்காம சாப்புடுங்க."

ஆகஸ்ட் விடுமுறை. பாடசாலை இல்லை. மகளுக்கு மதியச் சோறு கொண்டுபோவதாகச் சொல்லிக்கொண்டு நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறிக் குழிக்குப் போகத் தொடங்கினேன். உண்மையில் நான் போனது அந்த மனிதரைப் பார்க்கத்தான்.

அவருக்கு என் வயதுதான். ஒல்லியான உடம்பு, தொப்பி, முழங்கால் இரண்டிலும் மண். என்னைக் கண்டதும் குழிக்குள்ளிருந்து ஏணியில் ஏறி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், வாங்க! நீங்க சொல்லிக்கொடுத்த அடித்தளம்தான் சார் அவங்களுக்கு." அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன். முசிறிப் பக்கம் என்றார். என் பூட்டன் தோட்டத்து வேலைக்கு வந்ததும் முசிறிப் பக்கத்திலிருந்துதான் என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னதும், "அப்ப நாம ஒரே ஊர்க்காரங்க!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நான் அவர் தோளுக்கு மேலாக என் மகளைப் பார்த்தேன். அவள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. அவருடைய பூட்டன் கப்பல் ஏறவில்லை. என்னுடையவர் ஏறிவிட்டார். அதனால் அவர் மண்ணைப் படித்தார், நாங்கள் மண்ணை வெட்டினோம்.

அன்று நான் கொண்டுபோன சோற்றுப் பார்சலை மகள் பிரித்து, பாதியை அவருக்குக் கொடுத்தாள். கருவாட்டுக் குழம்பு அருமை என்று அவர் விரலை நக்கினார். குழம்பு அவருக்குப் பிடித்துப்போனதில் எனக்குக் கோபம் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

குழிக்குள் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இரண்டு பக்கச் சுவர்களையும் சிறு கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, கத்தியால் வெட்டிய கேக் போல வழவழப்பாக்கியிருந்தார்கள். சுவரில் ஆணி அடித்து நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு மண்படைக்கும் ஒரு நிறத்துச் சின்னக் கொடி. அந்தச் சதுரங்களைப் பார்த்து அவள் வரைதாளில் வரைவாள். ஒருநாள் என்னைக் கீழே கூப்பிட்டு, மேற்கு முனையில் விரல் வைத்துக் காட்டினாள்.

"இந்தக் கறுப்புக் கோட்டப் பாருங்கப்பா. நேரா வருதா? இங்க வந்து பட்டுன்னு நிக்குது. அந்தப் பக்கம் எங்க தொடருது சொல்லுங்க."

தேடினேன். கண்ணுக்கு அகப்படவில்லை.

"இதோ, இவ்வளவு கீழ. இந்தப் பக்கத்து நெலம் அப்பிடியே எறங்கியிருக்கு. ஒரே அசைவுல. மேல இருந்த மண்ணு வெடிப்புக்குள்ள விழுந்து ரொம்பியிருக்கு. அதுக்கு மேல இருக்கிற படை ஒடையவே இல்ல, பாத்தீங்களா? அப்ப, ஒடஞ்சதுக்குப் பிறகுதான் அந்தப் படை வந்து படிஞ்சிருக்கு. எந்தப் படை ஒடஞ்சிருக்கு, எது ஒடையலன்னு பாத்தாலே எப்ப ஆடுச்சுன்னு நெருங்கிடலாம்."

அழகாகச் சொன்னாள். நான் முப்பத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவன், அவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொன்னதில்லை. கறுப்பு மண்ணில் தடுமாறி நின்ற என் கண்ணுக்கு எல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது. உடனே அவள் என்னைக் கடந்து மேலே நின்ற அவரைப் பார்த்து, "சரியா சொன்னேனா சார்?" என்றாள். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் ஏணியில் ஏறி மேலே வந்துவிட்டேன்.

அன்று மாலை அவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். மகளைச் சென்னைக்கு அனுப்புங்கள் என்றார். தன்னுடைய ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்யலாம், உதவித்தொகைக்குத் தானே எழுதுகிறேன் என்றார். "யோசிக்கிறேன்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். அவளிடமும் யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன். நான் யோசிக்கவே இல்லை. அவள் போகக்கூடாது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அவர் ஏதாவது ஒரு பெரிய பிழை விடவேண்டும், அதை இவள் பார்க்கவேண்டும், இவளாகவே "வேணாம்பா" என்று சொல்லவேண்டும். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிழை ஒரு சனிக்கிழமை வந்தது.

குழியின் கிழக்கு முனையில் சுவர் வேறு மாதிரி இருந்தது. ஆப்பு வடிவத்தில், மேலே அகன்று கீழே ஒடுங்கி, கறுப்பு மண் நிறைந்த ஒரு பகுதி. உள்ளே கரித்துண்டுகள். அதுவும் ஒரு பழைய நிலநடுக்க வெடிப்பாக இருக்கலாம் என்று மகள் குறித்திருந்தாள். அந்தப் பகுதியை வரையும் பொறுப்பு அவளுடையது. கரியைப் பரிசோதித்தால் காலம் தெரிந்துவிடும் என்று சின்னச் சின்னப் பைகளில் சேர்த்துவைத்திருந்தாள். அன்று அவள் பைகளை வைக்க மேலே ஸ்டோருக்குப் போயிருந்தாள். வேலை செய்கிறவர்களுக்குப் பால் இல்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொடுக்கும் அம்மா கேத்தலோடு வந்தார். அவர் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். லயத்தின் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர். என்னை மாஸ்டர் என்பார். பேராசிரியருக்கு எல்லோரும் சேர்ந்து இந்தியாத் தொரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டார். "அம்மா, இந்த மூலையில முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அந்த எடத்துலயாங்க? அங்க கான் இருந்திச்சுங்க சார். பெரிய கான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கான்! கேட்டீங்களா சார்?" என்று என் பக்கம் திரும்பினார். "காட்டக் கான்னு சொல்ற ஆளு எங்க ஊர்ல இன்னிக்கு ஒருத்தர்கூட இல்ல. புத்தகத்துலதான் இருக்கு. இங்க இந்த அம்மா வாயில எவ்வளவு சாதாரணமா வருது பாருங்க!" மறுபடி அம்மாவிடம், "அடர்த்தியா இருந்துச்சாம்மா?"

"ஆமாங்க சார்."

"எரிச்சாங்களா?"

"எரிச்சாங்க சார். தூரெல்லாம் புடுங்கிப் போட்டு எரிச்சாங்க."

தோட்டத்தில் ஒரு தொரையிடம் சொல்லப்படும் "ஆமாங்க" சம்மதம் ஆகாது. நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்பதற்கான ஒலி அது, அவ்வளவுதான். இது அவருக்கு எப்படித் தெரியும்? கான் என்றால் எங்களுக்குக் காடும் அல்ல. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் இருக்கச் சரிவின் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால். பதுளை டவுனில் வீதியோரம் ஓடுவதும் கான்தான். மகள் பக்கத்தில் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். அம்மா சொன்ன தூர், பழைய தேயிலையைப் பிடுங்கிப்போட்டு எரித்த அடிக்கட்டை. அந்த ஆப்பு வடிவம், மூடப்பட்ட ஒரு கான். உள்ளே இருந்த கரிக்கு முப்பது வருடம் வயது இருக்கும்.

இதெல்லாம் எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. ஏனென்றால் அந்தக் கானில் ஒரு பகுதியை வெட்டியவன் நான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஆசிரியர் நியமனம் வரும்வரை பதினொரு மாதம் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தேன். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, கங்காணி பெயர் கூப்பிட்டதும் மண்வெட்டியோடு கான் வெட்டப் போவேன். அதை நான் என் மகளிடம் சொன்னதே இல்லை. மனைவிக்குத் தெரியும். எங்கள் பிள்ளைக்குத் தெரியவேண்டியதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாஸ்டருக்கு நல்லாத் தெரியுங்க சார். மாஸ்டரு அங்கனதான..."

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல," என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். கேத்தலைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பேராசிரியர் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். தலையைச் சரித்துப் பார்த்தேன். பழைய காடு, எரிக்கப்பட்டது, உள்ளூர்ப் பெண்மணி சொன்னது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பிறகு அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து, மேற்கு முனையில் பலகையும் முட்டும் கொடுத்துக்கொண்டிருந்த ஆட்களிடம், "இந்தப் பக்கம் இப்ப வேணாம். இது பழைய காட்டு மண்ணு, இறுகினது. அங்க முடிச்சிட்டு வாங்க," என்றார்.

இதையும் கேட்டேன்.

அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது என்ன என்று பிறகு நூறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். கான் வெட்டியவன் என்று அவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது உண்மை. ஆனால் அது பாதிதான். மறுபாதி சந்தோஷம். கரி பரிசோதனைக்குப் போகும். முப்பது வருடம் என்று பதில் வரும். பெரிய பேராசிரியர் வாய்க்காலை நிலநடுக்கம் என்று எழுதியவராக நிற்பார். அந்தச் சுவரை வரைந்தது என் மகள் என்பது மறக்கவில்லை. அவளுக்கும் அது ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சுவர் நிற்குமா என்று நினைக்கவில்லை. மூடின கான் எப்படி இருக்கும் என்று தெரிந்த நானே அதை நினைக்கவில்லை.

ஞாயிறு பகலிலேயே மழை பிடித்தது. அந்த மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. திங்களும் செவ்வாயும் பெய்தது. குழிக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். அதனால் கூரைக்குக் கீழே வேலை நடந்தது. செவ்வாய் இரவு சாப்பிடும்போது மகள், "கெழக்கு மூலையில சுவரு வேர்க்குதுப்பா" என்றாள். மண் வேர்த்தால் பின்னால் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "கவனமா இரு" என்று மட்டும் சொன்னேன். வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. சோற்றுப் பார்சலோடு பஸ்ஸில் இறங்கி, மேல் ரோட்டிலிருந்து குறுக்கு வழியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொழுந்துச் சாக்கு ஒன்றைத் தரையில் போட்டதுபோல ஒரு ஓசை. அதற்குப் பிறகு சாயத்தண்ணி அம்மாவின் கூச்சல்.

ஓடினேன். பார்சல் எங்கே விழுந்தது என்று தெரியாது. கிழக்கு முனைச் சுவர் முழுவதுமாகக் குழிக்குள் சரிந்திருந்தது. அதன் நடுவே என் மகள், நெஞ்சுவரை மண்ணுக்குள். தலையில் தொப்பி இல்லை. ஒரு கை வெளியே. அவள் கூப்பிட்டாள். "சார்! சார்!" என்று கூப்பிட்டாள்.

நான் அங்கேதான், ஓரத்தில், அவள் கண்ணுக்கு நேரே நின்றேன். அவள் கூப்பிட்டது என்னை அல்ல. அந்த நிலையிலும் அது என்னைக் குத்தியது. ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேராசிரியர் ஏற்கனவே உள்ளே குதித்திருந்தார். நானும் குதித்தேன். ஒருவன் மண்வெட்டியோடு வந்தான். "வேணாம்டா, கால்ல பட்டுரும், கையால அள்ளு!" என்று யாரோ கத்தினார்கள். ஆறு பேர் கையால் அள்ளினோம். "மூச்சு விடு, மூச்சு விடு" என்று அவர் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நகத்திலிருந்து இரத்தம் வந்தது. என் கைக்குள் வந்த மண் கறுப்பாக, பொலபொலவென்று, தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. நடுவில் பாதி கருகிய தேயிலைத் தூர் ஒன்று. மூடினாலும் பழைய கானுக்குள்தான் தண்ணீர் போய் நிற்கும். சுவருக்குப் பின்னால் சாய்வாக ஓடிய அந்தக் கான், மூன்று நாள் மழையைக் குடித்துவிட்டுச் சுவரைத் தள்ளியிருந்தது. கை அதை அறிந்துகொண்டது. தலை அதற்குப் பிறகுதான் புரிந்துகொண்டது.

பலகைமேல் கிடத்தி மேலே தூக்கி, லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. விலா எலும்பில் அடி. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் மனைவி வார்ட் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வாங்கில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மண் காய்ந்து வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எல்லாம் என் தப்பு சார். மண்ணத் தொட்டே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது இறுகின மண்ணே இல்ல. முட்டுக் கொடுக்க வேணாம்னு சொன்னது நான்தான். யுனிவர்சிட்டிக்கு அப்படியே எழுதிக் கொடுத்துடுறேன்." சட்டையில் காய்ந்திருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "ஒங்க பொண்ண சென்னைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன் இல்லையா? மறந்துடுங்க சார். எனக்கு அந்தத் தகுதி இல்ல. அவங்ககிட்ட நானே சொல்லிடுறேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டது ஒரு எழுத்துக் குறையாமல் என் கையில் வந்து விழுந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்குச் சாயத்தண்ணி அம்மா தோட்டத்திலிருந்து வந்தார். கையில் ஹோர்லிக்ஸ் போத்தல். மகளைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். பயப்படாதீங்க," என்றார்.

அவர் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரே லயத்துக்காரனைக் காப்பாற்றுகிற சாதாரண நல்லெண்ணம்தான். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது காரணம் சொல்லித் தப்பியிருப்பேன். அந்த நல்லெண்ணத்துக்குள் என்னால் நிற்க முடியவில்லை.

உள்ளே போனேன். பேராசிரியர் கட்டிலின் காலடியில் நின்றிருந்தார். மகள் அழுதிருந்தாள். கால்வலியால் அல்ல. சென்னை இல்லை என்று அவர் சொல்லிவிட்டிருந்தார்.

"அது காடு இல்ல," என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அந்த அம்மா சொன்னது கான். தண்ணி போற கான். எங்க தோட்டத்துல தேயிலைக்கு நடுவுல வெட்டுவோம். நான் வெட்டினது. பரீட்சை எழுதிட்டு பதினொரு மாசம் பேரு பதிஞ்சு வேல செஞ்சேன். அந்த மலையிலதான். அத மூடி, தூர எரிச்சுப் போட்டதும் எனக்குத் தெரியும்."

பேராசிரியர் வாய்க்குள் "கான்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மகள்தான் கேட்டாள். "எப்ப இருந்து தெரியும்?"

"சனிக்கிழமை அந்த அம்மா சொன்னப்ப இருந்து. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"நாலு நாளு."

"ஆமா."

"செவ்வாக்கிழம சுவரு வேர்க்குதுன்னு ஒங்ககிட்ட சொன்னேன்."

"சொன்ன."

"ஏன்பா?"

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரு தப்புப் பண்ணணும்னு நெனச்சேன்," என்றேன். "நீ அத பாக்கணும்னு நெனச்சேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பேராசிரியர் என் தோளைத் தொட்டார். அவர் தொடாமல் இருந்திருக்கலாம். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

பல்கலைக்கழகத்துக்குத் தான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் திருப்பி வாங்கவில்லை. மண்ணைச் சரியாகப் பார்க்காதது தன் பிழைதான், சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டதும் தன் பிழைதான் என்று பிடிவாதமாக இருந்தார். ஆனால் சென்னை விஷயத்தில் மனம் மாறினார். மாற்றியது என் மகள். ஊன்றுகோலோடு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து அவரோடு ஒரு மணி நேரம் போனில் வாதாடினாள். "என்ன யாருமே கேக்கலியே சார். மண்ணுக்குள்ள இருந்தது நான். போறதா வேணாமான்னு நான்தான் சொல்லணும்," என்றாள். நான் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் என்னோடு பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அந்த மாதங்களில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் "தண்ணி வேணும்", "மாத்திர எங்க" போன்றவைதான்.

புறப்பட்ட நாளில், "கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு அம்மா மட்டும் வந்தா போதும்," என்றாள். பையை வேனில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். வேன் திரும்பும்போது கையை அசைத்தாள். எனக்கா, பக்கத்து வீட்டாருக்கா என்று சொல்ல முடியாது.

இப்போது எனக்குப் பேராசிரியர்மேல் பொறாமை குறைந்திருக்கிறது. அது மனைவியின்மேல் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அவளுக்குத்தான் வரும். குசினிக்குள் நின்று, தோளில் போனை இடுக்கிக்கொண்டு, தேங்காய் துருவியபடி சிரிப்பாள். என்ன சிரிப்பு என்று கேட்டால், "அது அவ சமையலுங்க" என்பாள். சில வேளை ஒன்றுமே சொல்லமாட்டாள். நான் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் இருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். "குழியில மேக்குப் பக்கம் எடுத்த கரிக்கு ரிசல்ட் வந்திருச்சாங்க. ரொம்பப் பழசாம். மனுசன் எழுதுறதுக்கெல்லாம் முன்னாடியாம்."

"எந்தப் படையில எடுத்தது? ஒடஞ்சதுலயா, ஒடையாததுலயா?"

"எனக்கென்ன தெரியும்?"

"ரெண்டுலயும் எடுத்தாங்களான்னு கேளு. ஒண்ண மட்டும் வச்சு சொல்ல முடியாதே."

மனைவி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு போனை நீட்டினாள். "நீங்களே கேளுங்க."

வாங்கினேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. கேள்வியை அப்படியே கேட்டேன். வேறெதுவும் கேட்கப் பயமாக இருந்தது.

"ரெண்டுலயும்," என்றாள். "ஒடஞ்சதுக்குள்ள மூணு, மேல ஒடையாததுல ரெண்டு. அதுக்கு நடுவுலதான் ஆடியிருக்கு. அதுக்கும் கீழ இன்னொரு வெடிப்பு இருக்கு. அது வேற. அதோட காலம் இன்னும் வரல. அப்ப ரெண்டு தடவையாவது ஆடியிருக்கணும்." ஒவ்வொரு படையாக, மேலிருந்து கீழே, அவசரப்படாமல் சொன்னாள். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். கான் இருந்த முனையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படைகள் முடிந்ததும் பேச்சும் முடிந்தது.

"சரி," என்றாள். "அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன்.